கட்டிலடியில் கிடந்த உரச்சாக்கு

ஜெரோம் ஐயா,

மழைச்சட்டை எடுக்க மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியைத் திறந்திருப்பாய். சட்டைக்கு மேலே இந்தக் காகிதக் கட்டு இருக்கும். "அப்பா என்ன, இந்த வயசுல லவ் லெட்டரா?" என்று சிரிக்காதே. சிரிப்பு நம் குடும்ப வியாதி. எனக்கு முற்றிப்போய்விட்டது, உனக்கு இப்போதுதான் ஆரம்பம். எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்துக் கொட்டாவியும் விடாதே. கூட்டாளிகள் கீழே ரோட்டில் நின்று ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். படித்து முடிக்காமல் சாவியைப் போடாதே. முடித்த பிறகு அவர்களிடமும் கொடு, உங்கள் வாட்சப் குழுவில் போட்டாலும் சரி. நான் மூடிவைத்தது போதும்.

போன மாதம் ஈப்போவிலிருந்து வந்தபோது கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினாய், நினைவிருக்கிறதா? சிவப்பு விளக்கில் நீங்கள் நாலு பேரும் வரிசையாக நிற்கிறீர்கள். பச்சை விழுகிற நேரம் பார்த்து நீ கையை நீட்டி, பக்கத்தில் நிற்கிற பிரவீனின் மோட்டாரில் எஞ்சினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானைத் தட்டிவிடுகிறாய். அவன் மோட்டார் செத்துவிடுகிறது. பின்னால் காடி, லோரியெல்லாம் ஹாரன் அடிக்க, பாவம், அவன் ஸ்டார்ட்டரை அமுக்கு அமுக்கு என்று அமுக்குகிறான். நீங்கள் மூன்று பேரும் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். "நல்லாத்தான்டா கலாய்ச்சிருக்கே" என்றேன். பிறகு குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா கதவைத் தட்டி, "என்னங்க, தண்ணி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு" என்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடிதத்துக்கு அது முதல் காரணம். இரண்டாவது, இரண்டு வாரத்துக்கு முன்னால் கியா பார்ம் சந்தையில் நீ பேசிய பேச்சு. ஆரோக்கியம் பெரியப்பாவின் சோளக்கடையில் சனிக்கிழமைக் கூட்டம். ஆவி பறக்கிற பானைக்கு இந்தப் பக்கம் நீயும் நானும், அந்தப் பக்கம் அவர்.

"பெரியப்பா, மூணு நாள் ரைடு போறோம். லுமுட், பந்தாய் ரெமிஸ், அப்படியே கடலோரமா மேலே. மோட்டாரை ஒரு பார்வை பார்த்துக் குடுங்களேன். அந்தக் காலத்துல நீங்க பெரிய கைக்காரராமே."

"அதெல்லாம் விட்டுப்போச்சுய்யா. தானா ராத்தா டவுன்ல மோட்டார்க் கடை இருக்கு, அங்க காட்டு."

"கடைக்காரன் பாக்குறதும் நீங்க பாக்குறதும் ஒண்ணாலா?"

"வேணாம்யா. சொன்னாக் கேளு."

நீ விடவில்லை. சுற்றி நின்ற ஆட்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாய்: "ஏன் பெரியப்பா, கை நடுங்குதா, இல்ல மனசே நடுங்குதா?"

கோலாலம்பூரிலிருந்து வந்து சோளம் வாங்கிக்கொண்டிருந்த குடும்பம்கூடச் சிரித்தது. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு இடுக்கியால் சோளத்தைத் திருப்பிப் போட்டார். ஆவியில் வேகிற சோளத்தை யாரும் திருப்பிப் போட வேண்டியதில்லை, ஐயா. பார்க்க ஒரு இடம் வேண்டுமே என்று திருப்பினார். நக்கல் நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அது என்னிடமிருந்து உனக்கு வந்த சொத்து. ஆனால் அந்த வார்த்தை போய்ச் சேர வேண்டிய ஆள் அவர் இல்லை. பானைக்கு இந்தப் பக்கம், உன் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றேனே, நான்.

உனக்குத் தெரிந்த ஆரோக்கியம் பெரியப்பா, கல்யாணம் கட்டாமல், மோட்டாரில் ஏறாமல், எங்கே போனாலும் நடந்தே போகிற மனுஷன். 'நடராஜா சர்வீஸ்' என்று அவருக்குத் தோட்டம் முழுக்கப் பேர். நமக்கு இரத்தச் சொந்தம் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, ஒரே பலகைச் சுவர். அந்த வீட்டில் அவருக்கு ஒரு தம்பி இருந்தான், மைக்கல். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. மோட்டார் அக்சிடெண்டில் போய்விட்டான் என்று மட்டும் உனக்குச் சொல்லியிருக்கிறோம், அதுவும் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றப் போகிறபோது. பெரியப்பா திரியைக் கொளுத்திவிட்டு உடனே நாலடி பின்னால் போய் நின்றுகொள்வார், பார்த்திருப்பாய். கிட்டே நிற்க அவருக்குத் தகுதியில்லை என்று அவராக முடிவு பண்ணிக்கொண்டார். அப்படி முடிவு பண்ண வைத்தது உன் அப்பன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. தோட்டத்தில் எது காணாமல் போனாலும், எது தலைகீழாக நின்றாலும் முதலில் என் பேரைத்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஆபீஸ் கிராணியின் குடைக்குள் தேயிலைத் தூளைக் கொட்டி, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தவன் நான். மழையில் விரித்தார், தலைவழியே பாலும் சீனியும் போடாத தே ஓ இறங்கியது. வாயும் சும்மா இருக்காது. "தேயிலைன்னு பேர் வச்சவன் எங்கம்மா கையைப் பார்த்ததில்ல போல, தேயுறது கைதானேயா, இலை எங்க தேயுது?" என்று துரை காதுபடப் பேசிவிட்டு ஓடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் இருக்கிற வரைக்கும் ஒருவன் தன்னைக் கெட்டவன் என்று நினைக்கவே மாட்டான். எனக்கு அமைந்த கேடு அதுதான்.

மைக்கலிடம் பழைய எழுபது சிசி மோட்டார் ஒன்று இருந்தது. அந்த வகை மோட்டாரில் பெட்ரோல் எண்ணெய் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற வழியில், இடது காலுக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு டேப்பு இருக்கும். அதைத் திருகி மூடிவிட்டால் மோட்டார் உடனே நிற்காது. உள்ளே மிச்சமிருக்கிற எண்ணெயில் ஒரு அரை மைல், முக்கால் மைல் ஓடும். பிறகு இரண்டு தடவை இருமும், நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்த நாள் எனக்குத் தீபாவளியும் கிறிஸ்மஸும் சேர்ந்து வந்த மாதிரி. அவன் கடைக்குள் போகிற நேரத்தில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாக்கில் மூடிவிடுவேன். பாதி மேட்டில் அவன் நிற்பான். உதைத்து உதைத்து வேர்த்துப்போய், "டேய், கொஞ்சம் பாருடா" என்று பின்னால் வருகிற என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் வந்து பிளக்கைத் தட்டுவேன், ஒயரை ஊதுவேன், மந்திரம் போடுகிற மாதிரி முணுமுணுப்பேன், நடுவில் டேப்பைத் திறந்துவிட்டு ஒரே உதை. புர்ரென்று கிளம்பும். "உனக்குக் கைராசிடா" என்பான். அவன் பேர் மைக்கல், நான் மைல்கல் என்று கூப்பிடுவேன். ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கல் மாதிரி நிற்கிறானே. அவனும் சிரிப்பான். நிறுத்துகிறவன் பேர் வைக்கிறவன்தான் என்று அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

இந்த விளையாட்டில் இன்னொரு மனுஷன் தேய்ந்துகொண்டிருந்தார். ஆரோக்கியம் அண்ணன் அப்போது தேயிலை பேக்டரியில் பிட்டர். லயத்தில் யார் மோட்டார் மக்கர் பண்ணினாலும் வேலை முடிந்து வந்து வாசலில் வைத்துப் பிரித்துவிடுவார். தம்பி மோட்டார் நிற்கிறது என்றதும் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மறுபடி நின்றது. மறுபடி கழற்றினார். பிளக் மாற்றினார். மறுபடி நின்றது. மைக்கல் விளையாட்டாகச் சொல்வான்: "அண்ணே, நீங்க மூணு மணி நேரம் கழட்டுறீங்க, இவன் மூணு நிமிஷம் தொட்டா ஓடுது." அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பொறாமை இல்லை. தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்த பார்வை. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நான் வாயைப் பொத்திச் சிரிப்பேன். எட்டு தடவை அந்த டேப்பை மூடித் திறந்திருக்கிறேன். புதிதில் இறுக்கமாக இருந்தது, போகப் போக ஒற்றை விரலுக்கே திரும்ப ஆரம்பித்தது. அதைத் தளர்த்தியது என் விரல்.

அந்த வருஷம் மைக்கல், நான், இப்போது ஜொகூரில் இருக்கிற சேகர் மாமா, மூன்று பேரும் கடல் பார்க்கக் கிளம்பினோம். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், மூன்று பேரில் ஒருவனும் கடலைப் பார்த்ததில்லை. தாப்பா இறக்கத்தில் அத்தனை வளைவும் வளைந்து இறங்கினோம். கீழே போகப் போகக் குளிர்ச்சட்டையை ஒவ்வொன்றாகக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டோம். தெலுக் இந்தானுக்கு அப்புறம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தென்னை, செம்பனை, கறுப்புத் தண்ணி ஓடுகிற வாய்க்கால். வெயிலில் கண் கூசும். லுமுட்டில் முதல்முறை கடல் தெரிந்ததும் மைக்கல் மோட்டாரை மணலில் சாய்த்துவிட்டு, காற்சட்டையோடு முழங்கால் தண்ணீரில் போய் நின்று, கையில் அள்ளி வாயில் வைத்தான்.

"டேய், உப்புடா! நெசமாவே உப்பு!"

"பின்ன? உனக்காக மைலோ கலக்கி வச்சிருப்பாங்களா?"

"சும்மா இருலா. அண்ணன்கிட்ட இதைச் சொன்னா நம்பாது. கொண்டுபோய்க் காட்டணும்." ஒரு சர்பத் போத்தலைக் கழுவி, கடல் தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கி, மோட்டாரின் முன்கூடையில் வைத்துக்கொண்டான். இரவு முழுக்க அது சாயாமல் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை கடலோரமாகவே மேலே போனோம். மீன் காய்கிற வாசம், பலகை வீடுகள், தூரத்தில் படகுகள். அவன் மோட்டார் அன்று ஒரு இருமல்கூட இருமவில்லை. அண்ணன் நன்றாகத்தான் கழுவிக் கொடுத்திருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு இளநீர்க் கடையில் நிறுத்தினோம். அவன் அம்மாவுக்குக் கருவாடு வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனான். நான் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினேன். ஒன்பதாவது தடவை.

அந்தப் பயணத்தில் அதுவரைக்கும் அவன் எங்களுக்குப் பின்னால்தான் மெதுவாக வந்தான். அன்று கடலைப் பார்த்த குஷி. பாட்டுப் பாடிக்கொண்டே என்னைத் தாண்டினான். தாண்டும்போது, "என்னடா கைராசி, இன்னிக்கு மைல்கல் ஓடுது பாத்தியா!" என்றான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதையும் தாண்டலாம் என்று வலது பக்கம் ஏறினான். லோரியின் பாதி நீளத்துக்கு வந்தபோது மோட்டார் இருமியது. ஒன்று, இரண்டு. எதிரே ஒரு வேன். பிரேக் பிடித்துப் பின்வாங்கியிருந்தால் ஒதுங்கியிருக்கலாம், நேரம் இருந்தது. அவன் பிரேக் பிடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தான். லோரியை இல்லை, வேனை இல்லை. என்னை. மோட்டார் நின்றால் என்னைத் திரும்பிப் பார்ப்பது அவன் பழக்கம். அந்தப் பழக்கத்தை அவனுக்கு எட்டு தடவை சொல்லிக்கொடுத்தவன் நான்.

நான் போய்ச் சேர்ந்தபோது சர்பத் போத்தல் உடைந்து கடல் தண்ணீர் ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது. வேறு என்னென்ன வழிந்தது என்று உனக்கு நான் எழுதப்போவதில்லை. முன்னால் போன சேகர் திரும்பி வந்து கத்தினான்.

அவனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த அன்று அவன் அம்மா அழுதபடி மூத்த மகனின் கையைப் பிடித்து இழுத்தாள். "எத்தன தடவ கழட்டுன? எத்தன தடவடா? உன் கையாலதான்டா போனான் எம்புள்ள!" துக்கத்தில் பேசியதுதான். ஆனால் பெற்றவள் பேசியது. அடக்கம் முடிந்து நாலைந்து நாளில், காலி காய்கறி லோரி ஒன்று கீழேயிருந்து அந்த மோட்டாரை ஏற்றி வந்து லயத்து வாசலில் இறக்கியது. அண்ணன் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"டேப்பு மூடிக் கெடக்குடா" என்றார்.

ஒற்றை விரலால் அதைத் தட்டிக் காட்டினார்.

"போன வாரமே பார்த்தேன். லூசா இருந்துச்சு. ஆடி ஆடித் தானா இறங்கிடும் போலன்னு நெனச்சேன். ஒரு வாஷர் போட்டிருக்கணும். போயிட்டு வரட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "உண்மையச் சொல்லு. வழியில எங்கயாச்சும் நின்னுச்சாடா?"

ஐயா, மூடினது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கடவுள் எனக்குத் தரவே இல்லை. அவர் கேட்கிறார், நான் நிற்கிறேன், டேப்பு கண்முன்னால் இருக்கிறது. வாசலில் என் அப்பா நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவன் அம்மா படுத்திருந்தாள். நான் சொன்னேன்: "ஆமாண்ணே. காலையிலேருந்தே இருமிக்கிட்டுதான் வந்துச்சு. ரெண்டு மூணு தடவ நின்னுச்சு."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய், தன் சாமான்கள் எல்லாவற்றையும், ஸ்பானர், திருப்புளி, குறடு, பிளக் கழற்றுகிற குழாய், ஒன்றுவிடாமல் ஒரு உரச்சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "நீ வச்சுக்க. உனக்குத்தான் கைராசி." அடுத்த வாரம் பேக்டரி பிட்டர் வேலையை விட்டுவிட்டு மலைக்கு உரம் போடப் போனார். பெண் பார்க்கலாம் என்று வந்தவர்களிடம், "என்னை நம்பி இன்னொரு உசுரா?" என்று சொல்லி அனுப்பினார். மோட்டாரைத் தொடவில்லை, ஏறவில்லை. 'நடராஜா சர்வீஸ்' என்று முதலில் பேர் வைத்தவன் யார் என்று கேட்கிறாயா? என் வாய்தான். முப்பது வருஷமாக அவர் நடந்துபோவதை நான் மோட்டாரில் தாண்டிப் போயிருக்கிறேன், ஹாரன் அடித்து, கையைக் காட்டி.

கட்டிலடியில் கிடந்த சாக்கு உனக்குத் தெரியும். ஏழு வயசில் அதை இழுத்து அவிழ்த்து, ஸ்பானரை மைக் மாதிரி பிடித்துப் பாடிக்கொண்டிருந்தாய். நான் உன்னை அறைந்தேன். என் வாழ்நாளில் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. "சாமான் விழுந்து கால் நசுங்கிடும்னு அடிச்சிட்டேன்" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். சாக்குச் சொல்லியே வளர்ந்தவன், சாக்குக்கும் ஒரு சாக்குச் சொன்னேன். பார், இப்போதும் வாய் அடங்கவில்லை. மன்னித்துக்கொள், அன்று அடித்ததற்கு.

மைக்கலின் அம்மா மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனது உனக்குத் தெரியும், நீயும் பெட்டியைத் தூக்கினாய். கடைசி மாதங்களில் அவளைத் தூக்கி, துடைத்து, ஊட்டியது எல்லாம் பெரியப்பாதான். ஊட்டுகிற கையை அவள் சில நேரம் தள்ளிவிடுவாள். புத்தி தடுமாறிய கிழவி என்று நாமெல்லாரும் பேசிக்கொண்டோம். ஏன் தள்ளினாள் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். உண்மை ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த ஒருவன் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் வேறு யாரும் இதை உனக்குச் சொல்ல முடியாது. டேப்பை மூடியது பத்தொன்பது வயசுப் பையனின் முட்டாள்தனம். அதற்காக அவர்கள் என்னை அடித்திருப்பார்கள், போலீசில் கொடுத்திருப்பார்கள், காறித் துப்பியிருப்பார்கள். எல்லாம் நடந்து, ஏதோ ஒரு வருஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் அந்த 'ஆமாண்ணே' முடியவே இல்லை. காலையில் எழுந்ததும் அதை மறுபடி சொல்கிறேன், அவரைப் பார்க்கிறபோதெல்லாம் சொல்கிறேன். தலை நரைத்த மனுஷன் தெரிந்தே சொல்கிறேன். உன் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். கூட்டாளியின் காலில் பாம்பு பொம்மை போடு, உறங்குகிறவன் மூஞ்சியில் மை பூசு. ஆனால் உருண்டு ஓடுகிற எதையும் தொடாதே. அந்தச் சிவப்புப் பொத்தானை இனி உன் விரல் தொடக்கூடாது. பிரவீனும் எங்கேயோ ஒரு நாள் திரும்பிப் பார்ப்பான்.

சோளக்கடையில் பேசின கையோடு நீ மோட்டாரை இங்கேயே விட்டுவிட்டு, "அப்பா, தானா ராத்தா கடையில காட்டிருங்க" என்று சொல்லி, கூட்டாளி காடியில் ஈப்போவுக்குத் திரும்பிப் போனாய். நான் அதைத் தொடவில்லை. இந்த வாரம் திங்கட்கிழமை சாயங்காலம், சோளக்கடை மூடுகிற நேரம் பார்த்து, கட்டிலடியிலிருந்து சாக்கை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். நடந்தே போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சாக்கைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"எதுக்கு இதை எடுத்தாந்தே?"

"டேப்பை மூடுனது நான்தாண்ணே."

முன்னுரை எல்லாம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. மிச்சத்தையும் சொன்னேன். இளநீர்க் கடை, சப்பாத்துக் கயிறு, அவன் திரும்பிப் பார்த்தது, அன்று காலை மோட்டார் ஒரு தடவைகூட இருமாதது. அவர் காலில் ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைக்கவே இல்லை.

"எத்தன தடவ?"

"அதோட ஒம்பது."

"அப்ப நான் கழட்டுனதெல்லாம்..."

"ஒண்ணும் இல்லாததுக்குண்ணே. உங்க வேலையில ஒரு குறையும் இல்ல."

அவர் அடிப்பார் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். போலீசுக்குப் போகணும் என்றால் இப்போதே வருகிறேன் என்றேன். அது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "அம்மா செத்துட்டாங்களே" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. யாரோ அப்போதுதான் வந்து அவருக்குச் செய்தி சொன்ன மாதிரி இருந்தது. சாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் கியா பார்மில் அவர் கடை திறக்கவில்லை. நான் இரண்டு நாளும் போய், மூடிக் கிடந்த தார்ப்பாயைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் அம்மாவிடம் நேற்று எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று வியாழக்கிழமை. விடிந்து பனி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறபோது வெளியே இரும்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உன் மோட்டாருக்குப் பக்கத்தில் உரச்சாக்கை விரித்து, அதன்மேல் சாமான்களை வரிசையாக அடுக்கி வைத்து, பெரியப்பா குந்தி உட்கார்ந்திருந்தார். ஸ்பானரெல்லாம் துரு எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது. அந்த இரண்டு நாள் அதற்குத்தான் போயிருக்கிறது போல. பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். டயரை அமுக்கினார். ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார். கை நடுங்கியது, ஐயா, நீ கேட்டாயே, அதற்குப் பதில். நன்றாக நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. பிறகு இடது பக்கம் வந்து, தொட்டிக்கு அடியில் கையைவிட்டுத் தடவினார். மேலே தடவினார், பின்னால் தடவினார். குனிந்து பார்த்தார்.

"டேப்பு எங்க?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"இப்ப வர்ற மோட்டாருக்கு டேப்பு கிடையாதுண்ணே."

அவர் கை அங்கேயே இருந்தது. இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி விரல்கள் மடங்கியிருந்தன. ரொம்ப நேரம் கழித்துத்தான் எடுத்தார். உன் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவளிடம், "வேணாம்மா" என்றார். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "செயின் தளர்வா இருந்துச்சு, இறுக்கிட்டேன். பையன்கிட்டச் சொல்லிடு. இதை நான் அவனுக்காகச் செஞ்சேன். உன்கிட்ட எனக்குப் பேச ஒண்ணும் இல்ல." சாக்கைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார். வளைவு திரும்புகிற வரைக்கும் சாமான்கள் கலகலவென்ற சத்தம் கேட்டது.

அதனால் உன் மோட்டார் நன்றாக இருக்கிறது. தைரியமாகப் போ. கடல் உப்பாகத்தான் இருக்கும், ஒரு வாய் வைத்துப் பார். பந்தாய் ரெமிஸ் ரோட்டில் எந்த இடம் என்று உனக்கு நான் சொல்லவில்லை, தேடாதே. திரும்பி வருகிறபோது வீட்டுக்கு வருமுன் நேராக அவர் கடைக்குப் போ. சோளக்கடையில் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேள். அவர் அதற்குப் பதில் சொல்ல மாட்டார். மோட்டாரைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, என்னிடம் கேட்ட அதே கேள்வியை உன்னிடமும் கேட்பார் என்று நினைக்கிறேன்: வழியில எங்கயாச்சும் நின்னுச்சா?

நிற்கவில்லை என்றால் நிற்கவில்லை என்று சொல். நின்றிருந்தால் நின்றது என்று சொல். யாராவது நிறுத்தியிருந்தால், யார் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்.

அப்பா